செவ்வாய்க்கிழமை ஓடாத லாரி

1

இந்தக் கதை நானாக யோசித்தது அல்ல, திரும்பி வந்தது. ஓர் ஆவணப்படத்தின் பின்னணிக் குரலுக்கு உரை எழுதிக் கொடுத்திருந்தேன். இயக்குநர் படித்துவிட்டு, "சார், நல்லாத்தான் இருக்கு. ஆனா கதை மாதிரி இருக்கே" என்றார். கதை மாதிரி இருப்பதைக் கதை என்றே சொல்லிவிட்டால் யாரும் குறை சொல்ல முடியாதல்லவா? இதோ, சொல்லிவிட்டேன். (இதைப் படித்த என் மனைவி, "ஆவணப்படம் மாதிரி இருக்கு" என்கிறாள். நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?)

படம் ஒரு மலையைக் காக்கும் ஊரைப் பற்றியது. மலையை உடைத்துக் கல் எடுக்கிறார்கள். நாளொன்றுக்கு இருபது லாரி ஏறத்தான் அனுமதி. எத்தனை ஏறுகிறது என்று எவன் எண்ணப்போகிறான் என்ற தைரியத்தில் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். ஊர்க்காரர்கள் கோஷம் போடவில்லை, சாலையில் படுக்கவில்லை. மலைப்பாதை திரும்பும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, நோட்டோடு உட்கார்ந்துவிட்டார்கள். கிழமைக்கு ஒருவர். ஏறுகிற ஒவ்வொரு லாரியின் எண்ணையும் நேரத்தையும் எழுதுவது மட்டும்தான் வேலை. மூன்று வருடமாக அந்த நாற்காலி காலியாக இருந்ததில்லை.

நோட்டின் முதல் பக்கத்திலேயே விதிகள் இருக்கின்றன. தூசி அடங்குவதற்குள் எழுத வேண்டும். எழுதியவர் கையெழுத்துப் போட வேண்டும். எழுதியதை அடிக்கக் கூடாது. தப்பாகிவிட்டால் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு மேற்கொண்டு எழுத வேண்டும். அடுத்த மாதம் அந்த நோட்டு கோர்ட்டுக்குப் போகிறது. அடித்தல் திருத்தல் இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா விடுவாரா?

நானும் இந்தக் கதையில் அதே விதிப்படி நடக்கிறேன். எதையும் அடிக்க மாட்டேன்.

2

(விடியலின் பொன்னிறக் கதிர்கள் மலையின் காயங்களை வருடிக்கொண்டிருந்த வேளையில்,)

கதிர் எதையும் வருடவில்லை. அங்கே வெயில் மண்டையைப் பிளக்கும்.

(அவள் ஒரு நெருப்பு. அவள் ஒரு)

பிற்பாடு இந்த வரியைச் சம்பந்தப்பட்டவரிடமே போனில் படித்துக் காட்டினேன். சிரிப்பை அடக்க முடியாமல் போனைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சரி, நேராகவே சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை நாற்காலியில் உட்காருகிறவர் ஓர் அக்கா. ஊரே அவரைச் செவ்வாயக்கா என்றுதான் கூப்பிடுகிறது. பிழைப்புக்குத் தையல் வேலை. மடியில் நோட்டு; நோட்டின் மேல் யாருடைய சட்டையாவது. லாரிச் சத்தம் கேட்டால் ஊசியைச் சட்டையில் குத்தி நிறுத்திவிட்டுப் பேனாவை எடுப்பார். இந்த ஓர் அசைவைப் பார்த்ததும் இயக்குநர் மற்ற ஆறு கிழமைகளையும் படத்திலிருந்து தூக்கிவிட்டார்.*

* புதன்கிழமைக்காரர் இன்னும் இயக்குநரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

3

உரை எழுதுவதற்காக, எடுத்த காட்சிகளையெல்லாம் வெட்டாமல் என்னிடம் கொடுத்திருந்தார்கள். ஒரு காட்சியில் கேமரா நோட்டைப் பக்கம் பக்கமாகக் காட்டுகிறது. நான் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். 4712 என்று ஒரு லாரி வாரத்தில் ஆறு நாள் ஏறுகிறது. செவ்வாய்க்கிழமை மட்டும் இல்லை. ஒரு செவ்வாய்கூட இல்லை.

எழுதுகிறவன் புத்தி எங்கே போகும்? குதித்தேன். நாயகியிடம் ஒரு களங்கம்! அந்த எண்ணை வேண்டுமென்றே விடுகிறார்! (துரோகத்தின் நிழல் அந்த நாற்காலியின் கால்களுக்கடியில்)

மனைவியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவங்ககிட்டயே கேட்டீங்களா?"

"கதாபாத்திரத்துகிட்ட எப்படிக் கேக்கிறது?"

"போன்ல" என்றாள்.

கேட்டேன். அக்கா எதையும் ஒளிக்கவில்லை.

"அது எங்க வீட்டுக்காரர் வண்டி சார். வேற லோடு கெடைக்கல, குவாரிக்கு ஓட்டுறாரு. ஊருக்கே தெரியும். உங்க படக்காரங்களுக்கு மட்டும்தான் தெரியாது. செவ்வாய்க்கிழமை மட்டும் வண்டிய எடுக்க மாட்டாரு."

"நீங்க எழுதிடுவீங்கன்னு அவருக்குப் பயமா?"

"எழுதாம விட்டுடுவேனோன்னு எனக்குத்தான் பயம். ஒரு வரி விட்டா மூணு வருஷ நோட்டும் பொய்யாயிடும். எழுதினா... மத்தவங்க எழுதினா அது ஊர் எழுதினது சார். நான் எழுதினா அது நான் எழுதினது. கோர்ட்டுல என் பேரைச் சொல்லித்தான் வாசிப்பாங்க. அப்புறம் எப்படி ஒண்ணா உக்காந்து சாப்பிடுறது? அதான் பேசி வச்சுக்கிட்டோம். அன்னிக்கு அவர் வீட்டுல இருப்பாரு. சமையல் அவருதான். உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கலா இருக்கும்."

எனக்கு வெட்கமாக இருந்தது. களங்கத்தைத் தேடிப் போன இடத்தில் ஒரு குடும்பம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

4

அதற்கப்புறம்தான் இருபத்தேழாம் காட்சியில் நடந்தது என்னவென்று எனக்கு உறைத்தது.

ஊரில் இயக்குநருக்கு 'இன்னொருதரம்' என்று பெயர். தண்ணீர் குடித்தவரைக்கூட இன்னொரு தரம் குடிக்கச் சொல்வார். அன்று செவ்வாய்க்கிழமை. நாற்காலியில் அக்கா, பின்னால் தூசி பறக்க ஒரு லாரி ஏற வேண்டும். ஆனால் கேமராவைக் கண்டதும் குவாரிக்காரர்கள் லாரிகளை நிறுத்திவிட்டார்கள். உண்மையைப் படமெடுக்க வந்தவர் பொறுமை இழந்து, "ஊருக்குள்ள போய் ஏதாவது ஒரு லாரியப் பிடிங்கப்பா" என்றார். ஊருக்குள் சும்மா நின்றது ஒரே ஒரு லாரி. அது ஏன் அன்று சும்மா நிற்கிறது என்று படக்குழுவில் யாரும் கேட்கவில்லை. மனைவி நடிக்கிற படம் என்றதும் அவரும், பாவம், சந்தோஷமாகச் சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

4712 ஏறுகிறது. அவர் மனைவியைப் பார்த்துச் சிரிக்கிறார். அப்புறம்தான் மடியில் இருக்கும் நோட்டைப் பார்க்கிறார். சிரிப்பு நின்றுவிடுகிறது. அக்கா ஊசியைக் குத்துகிறார், பேனாவை எடுக்கிறார்.

"கட்! இன்னொரு தரம்!"

மூன்று தரம். மூன்றாவதில்தான் இயக்குநர் எதிர்பார்த்த முகபாவம் கிடைத்ததாம். அந்த முகத்துக்கு நான் எழுதிக் கொடுத்த வரி: (இயற்கைக்காக எரியும் கண்கள்.)

மூன்று தரமும் பேனா தாளைத் தொடுவதற்குள் கேமரா நின்றுவிட்டிருக்கிறது.

5

அக்கா என்ன எழுதினார்?

முதல் முடிவு: எழுதவில்லை. படப்பிடிப்புதானே, கல் ஏற்றப் போகவில்லையே. ஆனால் படம் வெளிவந்ததும் வக்கீல் பார்ப்பார். செவ்வாய்க்கிழமை லாரி ஏறுகிறது, நோட்டில் இல்லை, ஓட்டுநர் எழுதுகிறவரின் கணவர். மூன்று வருட உழைப்பும் போச்சு.

இரண்டாம் முடிவு: எழுதி, மூன்றையும் அடைப்புக்குறிக்குள் போட்டார். எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. "உங்களுக்கு இவ்ளோ பிடிச்சிருக்குன்னா அது உங்க முடிவுங்க. அவங்களுது இல்ல" என்றாள் மனைவி.

மூன்றாம் முடிவு: (இயக்குநர் மனம் திருந்தி, அந்தக் காட்சியை) சிரிக்காதீர்கள், நான் கேட்டே பார்த்துவிட்டேன். "சார், அந்த ஷாட்டுக்காகத்தான் படத்தைத் திரைப்பட விழாவுல எடுத்திருக்காங்க" என்றார்.

6

போன செவ்வாய்க்கிழமை ஊருக்கே போனேன். அக்கா நாற்காலியில் இருந்தார்; நான் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். மடியில் ஒரு காக்கிச் சட்டை; கிழிந்த காலரைத் தைத்துக்கொண்டிருந்தார். கேட்டதும் நோட்டைப் புரட்டிக் காட்டினார். 4712. 4712. 4712. மூன்றுக்கும் கையெழுத்து. அடைப்புக்குறி இல்லை.

"படத்துக்காக ஓடினதுதானேக்கா?"

"எதுக்காக ஓடுச்சுன்னு எழுத நோட்டுல எடம் இல்ல சார். ஓடுச்சு, எழுதினேன்."

"வீட்டுல என்ன சொன்னாரு?"

"அவரு ஒண்ணும் சொல்லல. குவாரி மேனேஜர்தான் சொல்லியிருக்காரு. படத்துக்குன்னா செவ்வாய்க்கிழமை வண்டி எடுப்பே, எங்களுக்குன்னா எடுக்க மாட்டியா? இந்த வாரத்துலேருந்து செவ்வாயும் வரணும், இல்லேன்னா எந்த நாளும் வர வேணாம்னு."

வளைவுக்குக் கீழே லாரிச் சத்தம் கேட்டது. அக்கா ஊசியைக் காக்கிச் சட்டையில் குத்தினார். பேனாவை எடுத்தார். எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நீங்க எழுதுறவர்தானே சார். இந்த ஒரு வரிய நீங்க எழுதுங்க. இன்னிக்கு என்னால முடியல."

வாங்கிக்கொண்டேன். நோட்டும் என் மடிக்கு வந்துவிட்டது. 4712 எங்களைத் தாண்டும்போது மெதுவானது. அவர் மனைவியைப் பார்த்தார். பேனா என் கையில் இருப்பதைப் பார்த்தார். கியரை மாற்றி ஏறிவிட்டார்.

எழுதினால் என் கையெழுத்தைப் போட வேண்டும். ஊருக்கே சம்பந்தமில்லாதவன் எழுதிய வரியை அந்த வக்கீல் பிடித்துக்கொள்வார். எழுதாவிட்டால், எழுதாததைப் பிடித்துக்கொள்வார். பேனாவைத் திருப்பிக் கொடுத்தால் அக்கா எழுதிவிடுவார், அது எனக்குத் தெரியும். எழுதிவிட்டு வீட்டுக்குப் போவார். இத்தனை பக்கம் வளவளவென்று எழுதியவனுக்கு நான்கு எண்கள் எழுதக் கை வரவில்லை.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூசி அடங்கப்போவுது சார்" என்றார்.

உங்களைத்தான். இவ்வளவு நேரம் சும்மா படித்துக்கொண்டுதானே உட்கார்ந்திருந்தீர்கள். இந்தாருங்கள், பேனா.

செவ்வாய். காலை 10.40. ஏறியது. வண்டி எண்: