அலாரம் பொய் சொல்லவில்லை

மதியச் சாப்பாடு முடிந்த கையோடு கட்டுரை வாசிக்கச் சொல்வது, எந்த மாணவருக்கும் வரக்கூடாத தலையெழுத்து. அந்தப் பொறியியல் மாநாட்டில் அது எக்ஸ்பிரஸின் தலையில் விழுந்தது. வகுப்பில் அவளுக்கு அதுதான் பெயர். பேச ஆரம்பித்தால் எந்த ஸ்டேஷனிலும் நிற்க மாட்டாள்.

வண்டி ஓட்டுகிறவர் கண்ணயர்ந்தால் கேமரா வழியாகக் கண்டுபிடித்து அலாரம் அடிக்கும் கருவி, அவளுடைய ஓராண்டு உழைப்பு. அதைச் செய்து காட்ட, பஸ் டிரைவரான தன் அண்ணனையே கூட்டி வந்திருந்தாள்.

"சும்மா தூங்குற மாதிரி நடிச்சா போதும்ணா."

"பஸ்ல தூங்கினா வேலை போகும். இங்க தூங்கினா பரிசு குடுப்பாங்களா? நல்லா இருக்கு உங்க படிப்பு."

மேடைக்குக் கீழே, முன்வரிசைக்கு முதுகைக் காட்டியபடி, மடியில் ஒரு பழைய ஸ்டியரிங்கோடு அண்ணன் உட்கார்ந்தான். எதிரே கேமரா. மேடையில் இருந்த பெரிய திரையில் அவன் முகம் சுவர் அளவுக்கு விரிந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்கு வியர்த்துவிட்டது. கண்ணை மூடினால் இமை துடித்தது; துடித்தால் திறந்துகொண்டது. கருவி கம்மென்று இருந்தது.

"ஒழுங்கா மூடுண்ணா," என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவள் கிசுகிசுத்தாள். மைக் அதை அரங்கம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

பதற்றத்தில் ஸ்டியரிங் கைநழுவி உருண்டது. பிடிக்கலாம் என்று அண்ணன் குனிந்தான். அந்த நேரம் பார்த்து அலாரம் அலறியது.

எக்ஸ்பிரஸ் திரும்பித் திரையைப் பார்த்தாள். அதில் அண்ணன் இல்லை. முன்வரிசையில் இருந்த அமர்வுத் தலைவர், அந்தத் துறையே நடுங்கும் பெரிய பேராசிரியர், தலையைப் பின்னால் சாய்த்து, வாயைப் பிளந்து, சிவப்புக் கட்டத்துக்குள் இருந்தார். கீழே கொட்டை எழுத்தில்: 'ஓட்டுநர் உறங்குகிறார்.'

அரங்கமே கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டது. அண்ணன் ஸ்டியரிங்கோடு நிமிர்ந்தான். கட்டம் அவன் முகத்துக்குத் தாவிப் பச்சையானது. தலைவர் விழித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, பேனாவை எடுத்தார்.

"அலாரம் அடிச்சுது. ஆனா டிரைவர் முழிச்சிட்டுத்தான் இருக்கார். கருவி தப்புன்னு எழுதிக்கலாமா?"

அவளுக்கு வழிகாட்டியான பேராசிரியை மூன்றாவது வரிசையிலிருந்து, 'ஆமாம்னு சொல்லித் தொலை' என்பதுபோல் தலையாட்டினார். எக்ஸ்பிரஸ் முதல்முறையாக நடுவழியில் நின்றது. பிறகு சொன்னாள்:

"இல்ல சார். அண்ணன் குனிஞ்சதும், பின்னாடி இருந்த முகத்தை கேமரா பிடிச்சிடுச்சு."

"யார் முகம்?"

"உங்க முகம் சார்."

"நான் கண்ணை மூடி யோசிச்சிட்டிருந்தேன். யோசிக்கிறதுக்கும் தூங்குறதுக்கும் உங்க கருவிக்கு வித்தியாசம் தெரியாதா?"

"கண்ணு மட்டும்னா குழம்பும் சார். வாயும் திறந்திருந்தா தூக்கம்னு முடிவு பண்ணிடும்."

அதற்குமேல் அரங்கத்தால் அடக்க முடியவில்லை. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. "அடுத்த கட்டுரை," என்றார்.

பரிசு பாலத்து விரிசலை ஆராய்ந்த பையனுக்குப் போனது. வராந்தாவில் அண்ணன், "எல்லாம் என்னாலதான் பாப்பா," என்று புலம்பிக்கொண்டிருந்தபோது, தலைவர் காபிக் கோப்பையோடு வந்தார். இருவரும் எழுந்து நின்றார்கள். திட்டு விழப்போகிறது என்று நினைத்தாள்.

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "போன மாசம் சிக்னல்ல கார் நின்னப்போ அப்படியே தூங்கிட்டேம்மா. பின்னாடி ஹாரன் அடிச்சுதான் முழிச்சேன். வீட்ல கூடச் சொல்லல. இதை என் கார்ல மாட்ட முடியுமா?"

எக்ஸ்பிரஸ் பிழைவிகிதத்தை விளக்க வாயெடுத்தாள். அண்ணன் குறுக்கே புகுந்தான்.

"மாட்டலாம் சார். அதுக்கு முன்னாடி டாக்டரைப் பாருங்க. எங்க டிரைவருங்க ரெண்டு பேருக்குத் தூக்க வியாதி இப்படித்தான் ஆரம்பிச்சுது. இன்னைக்கு நீங்க ஓட்ட வேணாம், சாவியைக் குடுங்க."

அவன் கையை நீட்டினான். தலைவர் பைக்குள் துழாவிச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

கார் வாசலைத் தாண்டுவதற்குள் அவர் பின்சீட்டில் இருந்த எக்ஸ்பிரஸிடம் திரும்பி, பின்னால் இருப்பவரையும் பிடித்துவிடும் அந்தக் கேமராவின் அகலமான கோணத்தை எப்படிச் சரிசெய்யப் போகிறாய் என்று கேட்டார். அவள் தொடங்கினாள். அவர் மறுத்தார். அவள் விடவில்லை. இருவர் குரலும் ஏறிக்கொண்டே போனது.

"ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவாப் பேசுறீங்களா," என்றான் அண்ணன். "நான் ரோட்டைப் பார்க்கணும்."