கில்டாவின் துத்தநாகம்

எங்கள் ஊரில் பெண்களுக்கு நாற்பத்தைந்து வயதில் துருப்பிடிக்கத் தொடங்கும். முதலில் முழங்கால், பிறகு முழங்கை, கடைசியில் தாடை. கடற்காற்றில் அது இயல்பு. ஆண்களுக்குத் துருப் பிடிப்பதில்லை, அவர்கள் ஃபேனுக்கு அடியிலேயே இருப்பவர்கள்.

பதினோரு வருடமாக மாதா சபையில் ஜெபமாலையை முன்னின்று சொல்பவள் நான். கான்வென்டில் சிஸ்டர் ஸ்கேலால் அடித்துத் திருத்திய உச்சரிப்பு, சும்மா வரவில்லை. இந்த வருடம் என் தாடை கிறீச்சிட்டது. நான் வாயைத் திறந்தாலே பின்வரிசையில் யாராவது எண்ணெய் தேடினார்கள்.

அதே மாதம்தான் பக்கத்து வீட்டு கில்டா துத்தநாக முலாம் பூசிக்கொண்டு வந்தாள். அவள் புருஷன் ரெமிஜியுஸ் ஜி.ஐ. பைப் கம்பெனியில் ஃபோர்மேன். அங்கே முலாமுக்கு வந்த இரண்டு தெருவிளக்குக் கம்பங்களுக்கு நடுவில் அவளைக் கட்டி, ஆசிடில் அலசி, உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்திருக்கிறார்கள். தாடையிலிருந்து கணுக்கால்வரை வெள்ளி வெள்ளியாய்ப் பூ விழுந்திருந்தது. ஐம்பது வருடத்துக்குத் துரு அண்டாதாம். என் வீட்டுக்காரர் தபால் ஆபீஸில் இருக்கிறார். அங்கே முக்குவதற்கு ஸ்டாம்ப் ஒட்டும் பசைதான் உண்டு.

"தொட்டுப் பாருட்டி ஜெசிந்தா, எப்படி வழவழன்னு இருக்கு!" என்றாள் கில்டா.

"எங்க வீட்டு வாளியும் இப்படித்தான் இருக்கு," என்றேன்.

சிரித்தாள். சிரிப்பில்கூட ஒரு கிறீச் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஃபாதர் அறிவித்தார்: திருவிழாப் பவனியில் கில்டா ஜெபமாலை சொல்வாள். ஜெபமாலையின் ஐந்து துக்க தேவரகசியங்களை வரிசை மாற்றிச் சொல்கிறவள்! நான் கைகட்டி உட்கார்ந்திருந்தேன். முழங்கை மடங்கியபடியே நின்றுவிட்டது.

ரெமிஜியுஸிடமே போய்க் கேட்டேன். "துத்தநாகம் எப்படிண்ணே காப்பாத்துது?"

"அது தன்னைக் கரைச்சுக்கிட்டு இரும்பைக் காப்பாத்தும்மா. கீறல் விழுந்தாக்கூட, பக்கத்துல இருக்கற துத்தநாகம் முந்திக்கிட்டுக் கரையும்."

"தொட்டுக்கிட்டு இருக்கற வேற இரும்பையும் காப்பாத்துமா?"

"உப்புத் தண்ணி பட்டா, தாராளமா."

அன்று மாலையே கில்டாவைக் கடற்கரைக்கு நடக்கக் கூப்பிட்டேன். கணுக்காலை அலை நனைக்கும் இடத்தில், கைகோத்துக்கொண்டு, தினமும் ஒரு மணி நேரம்.

"இப்பதான்ட்டி என்மேல உனக்குப் பாசம் வந்திருக்கு."

"ஆமா. கையை விடாத."

ஊர் எங்கள் சிநேகிதத்தை மெச்சியது. ஏற்கெனவே இருந்த துருவை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன். புதிதாக ஏறவில்லை. மூன்றாவது வாரம் மண்டியிட முடிந்தது. நான்காவது வாரம் தாடை வெண்ணெய்போலத் திறந்தது. கில்டாவின்மேல் வெள்ளைப் பொடி பூத்தது. பேசினால் சுண்ணாம்பாக உதிர்ந்தது. அவள் அதைத் துடைத்துக்கொண்டு, "உனக்கு இப்ப தேவலையாட்டி?" என்றாள்.

கேட்காமல் இருந்திருக்கலாம்.

திருவிழா அன்று, பொடி மாதாவின் பட்டில் விழுகிறது என்று சொல்லி, ஃபாதர் அவளைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். என்னை முன்னே அழைத்தார். தொடங்கினேன். மூன்று தெருவுக்குக் கேட்டது. நான்காவது தெரு முனையில் ஒரு சரக்குக் கப்பல் நின்றிருந்தது. துறைமுகத்திலிருந்து ஏறி, யார் வீட்டு வாசற்படியையும் இடிக்காமல் வந்திருந்தது. என்னைத் தாண்டிப் பின்வரிசையைப் பார்த்தது.

"கில்டாம்மா யாரு?" என்றது. "என் அடியெல்லாம் துரு. அவங்க கை பட்டாப் போதும்னு சொன்னாங்க."

"என்னைத் தெரியலையா?" என்றேன். "நான்தான் முன்னால சொல்றேன்."

"நல்லாச் சொல்றீங்க. நான் அவங்களைத்தான் தேடி வந்தேன்."

கில்டா சபையின் நீல நாடாவைக் கழற்றிப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டுப் போய், கப்பலின் பக்கவாட்டில் தன் வெள்ளைக் கையை வைத்தாள். என் கையை ஒருநாளும் அவ்வளவு மெதுவாகத் தொட்டதில்லை.

நான் நான்காம் ரகசியத்தைத் தொடங்கினேன். கப்பல் ஒரு கிறீச்கூட இல்லாமல் மண்டியிட்டு, ஜெபத்துக்குப் பதில் சொன்னது. ஒரு எழுத்து பிசகவில்லை. ஃபாதர் சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மைக்கை என்னிடமிருந்து வாங்கி, ஐந்தாவதைக் கப்பலிடம் கொடுத்தார்.