பரணி அடித்த கோல்

கும்மிடிப்பூண்டி இரும்பாலையில் கிரேன் ஓட்டும் தேசப்பனுக்குக் கால்பந்து என்றால் உயிர். திருவள்ளூர்ப் பக்கம் எந்தக் கல்லூரி ஆடினாலும் ஷிப்டை மாற்றிக்கொண்டு போய்விடுவார். இடது காலால் பந்தை வளைத்து அடிக்கும் பரணிதரனை அங்கேதான் கண்டார். "இவன் சென்னை டீமுக்கே ஆடுவான் பாரு" என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். அப்படியே நடந்தது. சென்னை அணியின் சட்டையில் அவன் இறங்கிய முதல் நாள், பெற்றவரைப் போல அழுதார். அடுத்த ஆண்டே அவனுக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்தது. பிறகு அவனைப் பற்றிப் பேச்சே இல்லை.

போன வாரம் ஆலைக்குப் புதிதாக வந்த காண்ட்ராக்ட் ஆட்களில் ஒருவன் காலை இழுத்து நடந்தான். தேசப்பன் கேன்டீனில் அவன் எதிரே போய் உட்கார்ந்தார்.

"நீ பரணிதானே? காலேஜ் பைனல்ல நீ அடிச்ச கோலுக்குக் கத்தித் தொண்ட கட்டிக்கினு ஊட்டுக்குப் போனேம்பா."

அவன் சோற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது நான் இல்லண்ணா. வேற யாரையோ நெனச்சிக்கினு பேசுறீங்க."

புருவத்துத் தழும்புகூட அப்படியே இருந்தது. "இருக்கும்பா, எனக்குத்தான் கண்ணு சரியா தெரியல" என்றவர், தன் முட்டையை அவன் தட்டில் வைத்தார். அவன் மறுக்கவில்லை.

ஞாயிறு மாலை சென்னை அணியின் ஆட்டத்துக்கு மின்ரயில் ஏறிப் போனார். புதுப் பையன் ஒருவன் பந்தோடு பறந்தான். அரங்கமே எழுந்து கத்தியது. தேசப்பன் மட்டும் உட்கார்ந்தே இருந்தார்.

"இந்தப் பையன் எந்த ஊருப்பா?" என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார்.

"யாருக்குத் தெரியும் சார்? பதினேழாம் நம்பரு."

இடைவேளைக்கு முன்பே எழுந்து ஸ்டேஷனுக்கு நடந்தார்.