மூன்று மில்லிமீட்டர்

பெங்களூரிலிருந்து பரிசோதகர் ஒரே ஒரு நாள்தான் வருவார். அன்று ஒரு மணி நேரத்துக்குள் நான் இரண்டு இரும்புத் தகடுகளை ஒன்றாகப் பற்றவைக்க வேண்டும். பிறகு அதை நான்கு துண்டாக அறுத்து, ஒவ்வொரு துண்டையும் அழுத்தி வளைப்பார்கள். வளைவில் எங்காவது மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வாய் பிளந்தால் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாவிட்டால் பெர்த் நகரில் எனக்கு வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் படிப்பும் இல்லை.

இரண்டாயிரமாவது வருஷம், ஜூன் மாதம். உலோகவியலில் முதுகலை படிக்க எனக்கு அங்கே இடம் கிடைத்திருந்தது. கட்டணத்துக்கு உதவித்தொகை உண்டு. சாப்பாட்டுக்கும் அறைக்கும் நானே சம்பாதித்துக்கொள்ள வேண்டும். பெரியம்மா மகன் விநாயக் அண்ணன் இரண்டு வருஷமாக அங்கே இருந்தார். ஓட்டலில் தட்டு கழுவக்கூட மாணவர்கள் வரிசையில் நிற்கிறார்கள், வெல்டர்தான் தேடினாலும் கிடைப்பதில்லை என்று மார்ச் மாதமே போனில் சொன்னார். தெரிந்த பட்டறைக்காரர் ஒருவரிடம் எனக்காகச் சனி ஞாயிறு வேலை கேட்டும் வைத்தார். நான் விமானம் ஏறுவதற்குள் சான்றிதழின் நகல் ஃபேக்ஸில் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் வேறு ஆள். விமானத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

நான் படித்தது பி.எஸ்சி. வேதியியல். அதுவரை கையில் எடுத்த பெரிய கருவி பியூரெட்தான். எங்கள் தங்கச் சுரங்க ஊரில், பாலகாட்டுப் பகுதியிலிருந்த மோசஸ் அண்ணனின் பட்டறைக்கு ஏப்ரல் முதல் வாரம் போனேன். கற்றுக்கொடுத்தது அவருடைய தங்கை லூயிசா. ஐ.டி.ஐ. முடித்தவள், என்னைவிட இரண்டு வயது சின்னவள். ஊரிலிருந்த பெரிய தொழிற்சாலைக்கு மூன்று முறை விண்ணப்பம் போட்டு மூன்று முறையும் ஆண்களை எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கோபத்தையெல்லாம் இரும்பின் மேல் காட்டினாள். மிச்சமிருந்ததை என் மேல்.

“ஏ பி.எஸ்சி, வெல்டிங் ராடை எழுதுற பேனா மாதிரி புடிக்காத. அது உன்ன எழுதிடும்” என்பாள்.

வீட்டில் அம்மா அக்கம்பக்கத்தில் நான் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள். ஸ்கெலட்டனில் சுரங்கத் தொழிலாளர் வரிசை வீடுகள், எங்கள் லைனில் ஒரு வீட்டுப் பேச்சு அடுத்த வீட்டுக்குச் சுவர் வழியாகவே போய்விடும். ஒருநாள் பக்கத்து வீட்டுப் பார்வதம்மா அக்கா தண்ணீர்க் குழாயில் என் கையைப் பிடித்துப் பார்த்தார்.

“இன்னா கம்ப்யூட்டர்டி இது, கையெல்லாம் பொத்தல் பொத்தலா சுட்டு வச்சிக்குது?”

குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கு எப்போதுமே குரல் எழும்பாது. கல்லூரியில் வருகைப்பதிவுக்கு நான் சொல்லும் ‘எஸ் சார்’ கேட்காமல் இரண்டு முறை ஆப்சென்ட் போட்டிருக்கிறார்கள். அதனால்தானோ என்னவோ, வெல்டிங்கில் எனக்கு முதலில் பிடித்தது முகமூடி. அதை இறக்கிவிட்டால் யாரும் என் முகத்தைப் பார்க்க முடியாது. பச்சையான இருட்டில் ஒரு சின்ன வெளிச்சம் மட்டும் இருக்கும். அதன் அடியில் இரும்பு உருகிக் குட்டையாக நிற்கும். அந்தக் குட்டையைக் கவனித்தால் போதும். யாரிடமும் பேச வேண்டாம்.

வெல்டிங் வெளிச்சம் பட்டுக் கண்ணில் மண் அள்ளிப் போட்டதுபோல் எரிந்த இரவுகள் முதல் மாதத்தோடு போயின. இரண்டாவது மாதம் தகட்டைப் படுக்கவைத்து ஒட்டினேன். மூன்றாவது மாதம் நிற்கவைத்து, கீழிருந்து மேலாக. அதுதான் தேர்வு. உருகிய இரும்பு கீழே வழியத்தான் பார்க்கும். அதை ஏமாற்றி மேலே கூட்டிக்கொண்டு போக வேண்டும். நடுவில் கை நின்றால், உருகும்போது மேலே படியும் கசடு உள்ளே மாட்டிக்கொள்ளும்.

லூயிசா இதை மட்டும் கிண்டல் இல்லாமல் சொன்னாள். மேலே எவ்வளவு அழகாகப் பூசினாலும், உள்ளே மாட்டியது வளைக்கும்போது வெளியே வந்துவிடும்.

பரிசோதகருக்கு நாற்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கையில் ஒரு கோப்பு, ஒரு டார்ச், ஒரு ஸ்டீல் அளவுகோல். கன்னடக்காரர், தமிழும் நன்றாகப் பேசினார். என்னைப் பார்த்ததும் தேர்வு எழுதும் ஆள் எங்கே என்று மோசஸ் அண்ணனைக் கேட்டார். அண்ணன் என்னைக் காட்டினார். பரிசோதகர் கோப்பில் பெயரை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார்.

விதிகளை எழுந்து நின்று சொன்னார். தகட்டை மாட்டிய பிறகு கழற்றக் கூடாது. ஒரு மணி நேரம். நடுவில் ஏதாவது குறை வந்தால் கிரைண்டரால் தேய்த்து எடுக்கலாம், ஆனால் அவரிடம் காட்டிவிட்டுத்தான் தேய்க்க வேண்டும். காட்டாமல் தேய்த்தால் அங்கேயே தோல்வி.

இரண்டு மணிக்குத் தொடங்கினேன். முதல் வரி, அடியில் போடும் முதல் அடுக்கு, நன்றாக வந்தது. இரண்டு தகட்டுக்கும் நடுவிலிருந்த இடைவெளி சாவித் துவாரம்போலத் திறந்து, மூடி, திறந்து, மேலே ஏறியது. கசடைத் தட்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். லூயிசா எட்டிப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது வரியில் பாதி ஏறியிருந்தேன். தரை குலுங்கியது.

எங்களுக்கு அது புதிதல்ல. நூறு வருஷத்துக்கும் மேலாகத் தங்கத்துக்காகத் தோண்டிய வெற்றிடம் காலுக்கடியில் இருக்கிறது. பாரம் தாங்காமல் எங்காவது கல் வெடித்தால் மேலே ஊர் குலுங்கும். ஏர் பிளாஸ்ட் என்போம். வீட்டில் பரணிலிருந்து டம்ளர் விழும். அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல் “ஒண்ணுமில்ல” என்பாள். நானும் பிறந்ததிலிருந்து அதைத்தான் சொல்கிறேன்.

இது பெரியது. தகரக் கூரை முழுவதும் தடதடவென்று அடித்துக்கொண்டது. என் கையிலிருந்த ராடு குட்டைக்குள் குத்தி அப்படியே ஒட்டிக்கொண்டது. நான் கையை முறுக்கிப் பிடுங்கினேன். முகமூடியைத் தூக்கியபோது பட்டறையில் பரிசோதகர் இல்லை. கோப்பைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு சாலையைத் தாண்டி நீலகிரி மரத்தடியில் நின்றிருந்தார். அவர் உட்கார்ந்திருந்த ஸ்டூல் கவிழ்ந்து கிடந்தது.

மோசஸ் அண்ணன் சிரித்துவிட்டார். சத்தமாகத்தான்.

நான் தகட்டைப் பார்த்தேன். வரியின் நடுவில் ஒரு கட்டி. அதன் கீழே புழு தின்றதுபோல் ஒரு ஓட்டை, உள்ளே கறுப்பாகக் கசடு. லூயிசாவும் பார்த்தாள்.

“தேச்சிடு” என்றாள். “அவரு வர்றதுக்குள்ள.”

நான் சாலையைப் பார்த்தேன்.

“சொன்னின்னா மனுஷன் இப்ப இருக்கிற கோவத்துக்கு எடுத்துப் போட்டுட்டுப் போயிடுவாரு. அண்ணன் வேற சிரிச்சி வச்சிட்டான். பிளேட்டு இன்னா, தேச்சா நல்லாதான் ஆவப் போவுது. யாருக்கு நஷ்டம்?”

சொன்னது சரி. தேய்த்தால் குறை போய்விடும். போய்விட்ட குறையை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. மோசஸ் அண்ணன் அதற்குள் மூலையிலிருந்த பெரிய சாணையை ஓடவிட்டு ஒரு இரும்புப் பட்டையை அதில் வைத்தார். அந்தச் சத்தத்தில் என் கிரைண்டர் சாலைக்குக் கேட்காது. எனக்காகத்தான் செய்தார். கிரைண்டரை எடுத்தேன். பொத்தான் மேல் கட்டைவிரலை வைத்தேன்.

பரிசோதகர் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு லாரி போனது. மேலே தெரிந்த கட்டியைத் தேய்க்க இருபது நொடி போதும். எனக்குத் தெரியும்.

அவர் திரும்பி வந்து கேட்டால் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். பொய் சொல்வதற்கும் வாய் திறக்க வேண்டும். அதையே நினைத்துக்கொண்டு நின்றேன். லாரி போய்விட்டது. அவர் சாலையைக் கடந்தார்.

உள்ளே வந்தபோது அவருடைய காது சிவந்திருந்தது. ஸ்டூலை நிமிர்த்தினார். சட்டையில் இல்லாத தூசியைத் தட்டினார்.

“ஏனாயித்து?” என்று கேட்டார். என்ன ஆயிற்று என்று பொதுவாகத்தான் கேட்டார்.

“ஒண்ணுமில்ல சார்” என்றார் மோசஸ் அண்ணன். “ஏர் பிளாஸ்ட். இங்க அது டீக்கு மணி அடிக்கிற மாதிரி.”

பரிசோதகர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். என் கையிலிருந்த கிரைண்டரைப் பார்த்தார்.

“உனக்கு? ஏதாவது?”

ஒண்ணுமில்ல என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதைச் சொல்ல எனக்குத் தைரியம்கூட வேண்டாம். அது தானாகவே வரும். லூயிசா என்னைப் பார்க்காமல் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“இருக்கு சார்” என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை. சாணை இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

“இருக்கு சார்” என்று மறுபடி சொன்னேன். இந்த முறை கத்தியிருக்க வேண்டும். மோசஸ் அண்ணன் சாணையை நிறுத்தினார்.

பரிசோதகர் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். அளவுகோலின் நுனியால் ஓட்டையைத் தொட்டார். வெகுநேரம் பார்த்ததாகத் தோன்றியது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கோப்பில் எதையோ எழுதினார். பிறகு தேய்த்துக்கொள்ளச் சொன்னார். போன நேரத்தை எனக்கு வரவு வைக்க வழியில்லை என்றும் சொன்னார். அவர் வெளியே நின்ற ஏழு நிமிஷமும் என் கணக்கில்தான் போயிற்று.

லூயிசா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

முப்பத்தொரு நிமிஷம் இருந்தது. கட்டியைத் தேய்த்தேன். கறுப்பு போகவில்லை. இன்னும் ஆழமாகத் தேய்த்தேன். முதல் வரியிலும் கொஞ்சம் போய்விட்டது. பளபளவென்று வெறும் இரும்பு தெரிந்தபோது பத்து நிமிஷம் குறைந்திருந்தது. முகமூடியை இறக்கினேன். முதல் வரியை மறுபடி கட்டினேன், அதன்மேல் இரண்டாவதை முடித்தேன். தட்டினேன், பிரஷ் போட்டேன். மூன்றாவது வரி. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கவில்லை. லூயிசா பின்னாலிருந்து நிமிஷம் சொன்னாள். ஒன்பது. ஆறு. கடைசி வரியில் கையை இடமும் வலமும் அசைத்து ஏற வேண்டும், ஓரங்களில் ஒரு மூச்சு நேரம் நிற்க வேண்டும். மேலே கடைசி ஓர் அங்குலத்தில் என்னால் நிற்க முடியவில்லை. ஓடினேன். ஓடுகிறேன் என்று தெரிந்தே ஓடினேன்.

“போதும்” என்றார் பரிசோதகர்.

தகடு ஆறும்வரை காத்திருந்தோம். மோசஸ் அண்ணன் டீ வாங்கி வந்தார். பரிசோதகர் வாங்கி ஸ்டூலுக்குப் பக்கத்தில் வைத்தார். குடிக்கவில்லை.

அறுத்த துண்டுகளுக்கு ஒன்று முதல் நான்கு வரை சாக்பீஸில் எண் போட்டார். கீழிருந்து மேலாக. இரண்டாவது துண்டில்தான் நான் தேய்த்த இடம் இருந்தது. மோசஸ் அண்ணன் ஜாக்கியின் கைப்பிடியை அழுத்தினார். முதல் துண்டு லாடம்போல் வளைந்தது. பரிசோதகர் வளைவின் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். இரண்டாவது வளைந்தது. டார்ச் அடித்தார், விரலை ஓட்டினார், மறுபடி டார்ச் அடித்தார். முதல் துண்டின் பக்கத்தில் வைத்தார். மூன்றாவதும் அங்கேயே போயிற்று.

நான்காவது துண்டு பாதி வளையும்போதே ஒரு சின்னச் சத்தம் கேட்டது. விரல் சொடுக்கியதுபோல. மோசஸ் அண்ணன் கையை நிறுத்தினார். பரிசோதகர் முழுவதும் அழுத்தச் சொன்னார்.

வெளியே எடுத்தபோது எனக்கே தெரிந்தது. ஓரத்தில், நான் ஓடிய இடத்தில், ஒரு வாய் திறந்திருந்தது.

அவர் அதை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போனார். அளவுகோலை வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அளவுகோலை மறுபடி வைத்தார். லூயிசா என் முழங்கையைப் பிடித்திருந்தாள். அவளுடைய நகம் பதிந்தது.

“ரெண்டரை” என்றார்.

எனக்குப் புரியவில்லை. லூயிசாவின் பிடி தளர்ந்த பிறகுதான் புரிந்தது.

அவர் அதைக் கோப்பில் அப்படியே எழுதினார். நான்காவது துண்டு, ஓரத்தில் பிளவு, இரண்டரை மில்லிமீட்டர். அந்த எண்ணும் பெர்த்துக்குப் போகும் என்று சொன்னார். சரி சார் என்றேன். பிறகு பையிலிருந்து எழுத்து உளிகளை எடுத்தார். தேறிய துண்டில் என் பெயரின் முதல் எழுத்தையும் வரிசை எண்ணையும் சுத்தியலால் பதிக்க வேண்டும். பதித்தால்தான் அது என்னுடையது. துண்டைப் பட்டறைக் கல்லின் மேல் வைத்து, ‘ஆர்’ எழுத்தைப் பொருத்தி, சுத்தியலைத் தூக்கினார்.

கூரை மறுபடி தடதடத்தது.

பெரியதற்குப் பின்னால் ஒரு சின்னது வருவது வழக்கம். அவருக்கு அது தெரியாது. சுத்தியல் அந்தரத்திலேயே நின்றது. கூரையைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார். மோசஸ் அண்ணன் எதையோ சொல்ல வாயெடுத்தார். பரிசோதகர் அவர் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்தார்.

“வெளியே போலாமா?”

டம்ளரில் டீ நடுங்கிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். அதில் எழுந்த அலை வட்டம் சின்னதாகிக்கொண்டே வந்தது.

“இது ஒண்ணுமில்ல சார்” என்றேன். “அடிங்க.”

அவர் அடித்தார். எழுத்து கொஞ்சம் சாய்வாக விழுந்தது.