கம்பி வேலிக்குள் ஒரு கிணறு

காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று, மலாக்கா நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் சிதறிக் கிடந்த கூலிக்காரர் லயங்களையெல்லாம் வெள்ளைக்காரச் சர்க்கார் ஒரே இடத்தில் கூட்டி, சுற்றிலும் முள்கம்பி போட்டது. அது ஐம்பத்தொன்றாம் வருஷம். வேலி அருமையான வேலி. ஒரு பிடி அரிசி வெளியே போக முடியாது. கோழிகூட வாசலில் நின்று யோசித்தது. மேட்டில் வரிசையாகக் கக்கூஸ் கட்டினார்கள். பள்ளத்தில் கிணறு வெட்டினார்கள். மழையில் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு என்ன இறங்குகிறது என்பதை மட்டும் யாரும் சோதனை போடவில்லை.

நல்லமுத்துவின் மனைவி ராமாத்தாளுக்கு ஏழாம் மாசம். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் முதல் பிள்ளை. பத்து நாளாய்ச் சோறு இறங்கவில்லை, ஒரே வாந்தி. ஏழாம் மாசத்திலும் மசக்கையா என்று அவன் கேட்டதற்கு லயத்துப் பெண்கள் ஏகமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள்: ஆம்பளப் பிள்ளை.

ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. சுமங்கலிகள் முறை வைத்து முகத்திலும் கையிலும் மஞ்சளை அப்பினார்கள்.

"என்னா களை பாருங்கடி, தங்கமாட்டம் மின்னுது அண்ணி," என்றாள் அடுத்த வீட்டுக் கருப்பாயி. அவளுக்கும் அஞ்சு மாசம்.

"ஒனக்கும் ரெண்டு மாசத்துல பூசி விடுறோம்லா. அப்ப நீயும் மின்னிக்க," என்றாள் பூசிக்கொண்டிருந்தவள்.

நல்லமுத்து பக்கத்தில் போய்ப் பார்த்தான். ராமாத்தாளின் வெள்ளை விழியும் மஞ்சளாய் இருந்தது.

"கண்ணுக்குள்ளயும் பூசிட்டாளுங்களா? போய் நல்லாக் கழுவு புள்ள."

அவள் கிணற்றுத் தண்ணீரை மொண்டு கழுவினாள். தாகமாயிருக்கிறது என்று இரண்டு செம்பு குடித்தாள்.

மறுநாள் மதியம் அவன் ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டுத் திரும்பியபோது லயமே சிரித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, அண்ணி ஒங்களப் பேர் சொல்லிக் கூப்புடுது," என்றாள் கருப்பாயி, வாயைப் பொத்திக்கொண்டு.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "டேய் நல்லமுத்து, மரத்துல பால் மங்கு நெறைஞ்சு வழியுது, வந்து எடுடா."

ரேஷன் கார்டுக்குப் புருஷன் பேர் கேட்டபோதுகூட அடுத்த வீட்டுக்காரியைச் சொல்லவைத்தவள் அவள். நல்லமுத்துவுக்கு முதலில் வெட்கமாகத்தான் இருந்தது. உள்ளே போய் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு அவனைக் கூப்பிட்டாள். வெட்கம் போய்விட்டது.

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் தனபாலன் வந்து அவள் இமையை விரித்துப் பார்த்தார். ஈரத்துணியால் கன்னத்தைத் துடைத்தார். துணியில் ஒன்றும் ஒட்டவில்லை. கன்னம் அப்படியே மஞ்சளாய் இருந்தது.

"காமாலைடா. எத்தனை நாளா இப்படி?"

"நேத்துத்தாங்க பூசுனாங்க."

டிரஸ்ஸர் லாரிக்கு ஆள் அனுப்பினார்.

வேலி வாசலில் காவல்காரன் லாரியை நிறுத்தினான். போர்வையை விலக்கச் சொல்லி, வயிற்றுக்குள் இருப்பது அரிசியல்ல என்று முடிவு செய்ய அவனுக்கு ஐந்து நிமிஷம் பிடித்தது. தூக்குவாளியில் இருந்த கஞ்சியைத் தரையில் கொட்டிய பிறகே கதவைத் திறந்தான்.

மலாக்கா ஆஸ்பத்திரியில் அவள் இரண்டு நாள் இருந்தாள். பிள்ளை முதலில் போனது. ஆம்பளப் பிள்ளைதான், லயத்துப் பெண்கள் சொன்னது தப்பவில்லை. அடுத்த நாள் மத்தியானம் அவளும் போனாள்.

"கெட்ட தண்ணில வர்ற நோய்," என்றார் டாக்டர். "மத்தவங்க பெரும்பாலும் தேறிடுவாங்க. புள்ளத்தாச்சி ஒடம்பு தாங்காது. ஒங்க கெணறு எங்க இருக்கு?"

நல்லமுத்து சொன்னான். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "கொதிக்க வச்சுக் குடிக்கச் சொல்லு எல்லாரையும்."

புதைத்துவிட்டு வந்தவன் குளிக்காமல் வீடு ஏறக் கூடாது. கிணற்றடிக்கு வந்தான். கருப்பாயி குடம் நிறைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தண்ணியக் குடிக்காத தங்கச்சி. கொதிக்க வச்சுக் குடி."

"வெறகு பொறுக்க ஒரு மணி நேரந்தான் வெளிய விடுறான். சோறு பொங்கவே காணல. நீங்க மொதல்ல குளிங்கண்ணே."

அவன் அவள் குடத்தை வாங்கித் தரையில் கவிழ்த்தான். அவள் மறுபடி மொண்டாள். அதையும் கவிழ்த்தான்.

"துக்கம் தலைக்கேறிருச்சு, பாவம்," என்றார் யாரோ. நாலு பேர் வந்து அவன் கையைப் பிடித்து உட்கார வைத்து, வாளி வாளியாக அவன் தலையில் ஊற்றினார்கள். கருப்பாயி மூன்றாவது தடவை மொண்ட குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.