சாங்விக்கு வந்த விலங்கு

கேம்ப் கடைவீதியில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் ஜெனிபருக்கு வேலை. கல்யாணப் படங்களில் மணப்பெண்ணை வெளுக்க வைப்பதும், மாப்பிள்ளைக்கு முடி முளைக்க வைப்பதும் அவள் பொறுப்பு. 2004 மே மாதத்தில் ஒரு மத்தியானம், யாரும் வராத நேரத்தில், கம்ப்யூட்டரில் தனக்கென்று ஒரு விலங்கு செய்தாள்.

உடம்புக்குப் பலாப்பழம். முகத்துக்கு அப்பாவின் பழைய ஷூ. அடித்தோல் பிளந்து ஆணிகள் நீட்டிக்கொண்டிருந்ததால் பல்லுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. வாலுக்குப் பாட்டில் கழுவும் பிரஷ். ஒட்டுத் தெரியாமல் நிழல் போட்டு, சாங்வியில் தாங்கள் குடியிருந்த சொசைட்டியின் தண்ணீர்த் தொட்டி அருகே அதை நிற்க வைத்து, தோழி காவ்யாவுக்கு மெயிலில் அனுப்பினாள். காவ்யா பத்துப் பேருக்கு அனுப்பினாள். நான்காம் நாள் படம், ‘ஜாக்கிரதை’ என்ற தலைப்போடு சொசைட்டி நோட்டீஸ் போர்டில் தொங்கியது.

“அது கத்துறத நானே கேட்டேன்டி. குக்கர் மாதிரி உஸ்ஸுன்னு,” என்றாள் அம்மா செல்வமேரி.

“அது பலாப்பழம்மா!”

“பலாப்பழம் எங்கயாச்சும் கத்துமா?”

ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் ஜெனிபர் எழுந்து உண்மையைச் சொன்னாள். சாட்சிக்கு ஷூவையும் நீட்டினாள். செயலாளர் ஸ்வாமிநாதன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அடப்பாவமே! எப்படிக் கடிச்சுக் குதறியிருக்கு! உள்ளே கால் இருந்திருந்தா?”

கூட்டம் “அரே தேவா!” என்று அலறியது. அன்றைக்கே வார்டு ஆபீசுக்கு மனு போயிற்று, ஷூவோடு.

மூன்று வருஷமாக எரியாத தெருவிளக்குகள் மூன்றே நாளில் எரிந்தன. குப்பைமேடு காணாமல் போயிற்று. தொட்டியருகே கோழியோடு ஒரு கூண்டு வைத்தார்கள். கோழியை யாரோ தூக்கிப்போக, அந்தப் பழியும் விலங்கின் மேல் விழுந்தது. ஜெனிபருக்கு முதலில் வெட்கமாக இருந்தது, அப்புறம் கோபம் வந்தது. கடைசியில் கொஞ்சம் கர்வமும் எட்டிப் பார்த்தது. அவள் வெளுக்க வைத்த எந்த மணப்பெண்ணையும் இத்தனை பேர் நம்பியதில்லை.

அடுத்த வாரம் ஸ்வாமிநாதன் ஸ்டுடியோவுக்கே வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பாலக்காட்டுக்காரன்மா நான். பலாப்பழம் தெரியாதா எனக்கு? பார்த்த அன்னிக்கே தெரியும்.”

“அப்புறம் ஏன் அங்கிள் மீட்டிங்ல அப்படிச் சொன்னீங்க?”

“மூணு வருஷம் லெட்டர் எழுதினேன். ஒருத்தன் எட்டிப் பார்க்கலை. இன்னும் ரோடு பாக்கி இருக்கு. ஒரு குட்டி போட்டுக் கொடேன்.”

ஜெனிபர் யோசித்தாள். “ஒண்ணு போதுமா அங்கிள்? மழை வருது, சாக்கடையும் அடைச்சுக் கிடக்கே.”

“அப்போ ரெண்டா போடு.”

மழைக்கு முன்பே சாக்கடை திறந்தது. தெருவுக்குத் தார் விழுந்தது. ரிப்பன் வெட்ட வந்த வார்டு கார்ப்பரேட்டர், தாயையும் இரண்டு குட்டிகளையும் தாமே முன்னின்று விரட்டியதாக அரைமணி நேரம் பேசினார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஜெனிபரும் பலமாகக் கைதட்டினாள்.