கில்மோரின் குறித்த தேதி

கால்பந்தில் ட்ரம்காரா ஊரிடம் கில்மோரின் கடைசியாக எத்தனை புள்ளி வித்தியாசத்தில் தோற்றது என்று கேட்டால் அட்ராக்டா கோர்மலி யோசிக்கவே மாட்டாள். இருபத்தாறு. அதற்கு முந்தைய வருஷம் பத்தொன்பது. அதற்கும் முந்தையது மழையால் பாதியில் நின்றுபோனது. அதைக் கில்மோரின்காரர்கள் இன்றைக்கும் நல்ல ஆட்டம் என்றுதான் சொல்லுவார்கள்.

பதினோரு வருஷமாக அவள்தான் கில்மோரின் கால்பந்துக் கிளப்பின் செயலாளர். கோலோடு புள்ளியும் எண்ணுகிற நாட்டுக் கால்பந்து அது. வேறு யாரும் நிற்பதில்லை என்பதால் ஒவ்வொரு டிசம்பரிலும் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறாள். பிழைப்புக்குக் கேக் செய்கிறாள். சுற்றுவட்டாரத்தில் யாருக்குக் கல்யாணம், யாருக்கு ஞானஸ்நானம், எந்தக் கல்யாணம் நின்றுபோனது என்பதெல்லாம் பாதிரியாருக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

மேற்கு வட்டாரத்தில் எட்டு அணிகள். முந்தைய வருஷத்து சாம்பியன் முதல் சுற்றில் கடைசி அணியோடு மோத வேண்டும் என்பது பழைய விதி. ட்ரம்காரா எப்போதும் சாம்பியன், கில்மோரின் எப்போதும் கடைசி. ஆகவே மே மாதம் வந்தால் கில்மோரின் பையன்கள் பஸ் ஏறிப் போய் உதை வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். மற்ற பதினொரு மாதமும் அதைப் பற்றிப் பேசுவார்கள்.

அந்த வருஷம் பிப்ரவரியில் வட்டாரக் கால்பந்து வாரியத்தின் கூட்டம் ஹோட்டல் மாடி அறையில் கூடியது. வாரியச் செயலாளர் மாலக்கி பிரெஹனி ட்ரம்காரா ஊர்க்காரர். தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார்.

"யாரையும் புண்படுத்தணும்னு இல்ல. வருஷா வருஷம் முதல் சுத்துலயே இருபது, இருபத்தஞ்சுன்னு வாங்கிட்டுப் போறாங்க. பசங்களுக்கு மனசு விட்டுப்போகுது. கடைசி நாலு அணிக்குத் தனியா ஒரு கோப்பை வெச்சிட்டா அவங்களும் எதையாவது ஜெயிப்பாங்க. பேருகூட யோசிச்சு வெச்சிருக்கேன். வளரும் அணிகள் கோப்பை."

அட்ராக்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கில்மோரின் தலைவர் ஜார்லத் டூவிக்குக் காது சிவந்தது. ஆடு வளர்ப்பவர், எளிதில் சூடாகிறவர்.

"வளரும் அணியா? எங்க கிளப்புக்கு நூத்தி முப்பது வயசு ஆகுது. இன்னும் எவ்வளவுய்யா வளரணும்?"

"உயரமா வளர வேணாம் ஜார்லத், ஒரு கோல் போடுற அளவுக்கு வளர்ந்தாப் போதும்," என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, அறையே சிரித்தது. அட்ராக்டா ஜார்லத்தின் சட்டைக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

ஒரு மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. தனிக் கோப்பை வைத்தால் பலவீனமான அணி என்றைக்கும் பெரிய அணியைத் தொட முடியாது என்றார்கள் சிலர். இப்போது மட்டும் தொட்டுக் கிழித்துவிட்டார்களா என்றார்கள் மற்றவர்கள். சாண்ட்விச் தீர்ந்தது. மூன்று மணிக்கு அந்த அறையில் ஒரு ஞானஸ்நான விருந்து என்று ஹோட்டல் மேனேஜர் இரண்டு தடவை தலையை நீட்டிவிட்டுப் போனார். விருந்துக்கான கேக் அட்ராக்டாவுடையதுதான். அறையை எப்போது காலி செய்யச் சொல்வார்கள் என்று அவளுக்குக் காலையிலேயே தெரியும். மேனேஜரின் தலை மூன்றாவது தடவை தெரிந்ததும் எழுந்தாள்.

"ஒரு வருஷம் பொறுத்துப் பாத்துட்டு தனிக் கோப்பை பத்தி முடிவு பண்ணலாமே. அதுவரைக்கும் சின்னதா ஒரு சலுகை கேக்கறேன். போன வருஷம் முதல் சுத்துல ரொம்ப மோசமா தோத்தவங்க, இந்த வருஷம் முதல் சுத்துக்கு மைதானம், தேதி, நேரம் மூணையும் அவங்களே குறிக்கட்டும். மே மாசத்துல ஏதாவது ஒரு நாள். ஒரு தடவ குறிச்சா யாரும் மாத்தக் கூடாது. அவ்வளவுதான்."

"ரொம்ப மோசமா தோத்தது யாரு?" என்று ஒருவர் கேட்டார்.

"நாங்கதான்," என்றாள் அட்ராக்டா, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு.

பிரெஹனிக்குப் பாவமாகப் போய்விட்டது. "குடுத்துட்டுப் போவோம். நிலாவுல போய் ஆடினாலும் ஸ்கோர் அதேதான்."

அணிக்கு இரண்டு பேராக வந்திருந்த பதினாறு பேரில் பதினான்கு கைகள் உயர்ந்தன. பிரெஹனி அங்கேயே விதியை எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

திரும்பும்போது காரில் ஜார்லத் புலம்பிக்கொண்டே வந்தார். "தேதியக் குறிச்சு என்ன ஆகப்போகுது? திங்கக்கெழம அடிச்சாலும் வலிக்கும், ஞாயித்துக்கெழம அடிச்சாலும் வலிக்கும்."

அட்ராக்டா கைப்பையிலிருந்து ஆர்டர் நோட்டை எடுத்து, மே மாதப் பக்கத்தைத் திறந்து அவர் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். பதினேழாம் தேதி, சனிக்கிழமை. மூன்று அடுக்கு. நூற்றுத் தொண்ணூறு பேர். மாப்பிள்ளை லோர்கன் டெவானி, பெண் ப்ளானிட்.

லோர்கன் டெவானி ட்ரம்காராவின் கேப்டன். போன வருஷ ஆட்டத்தில் பதினைந்து புள்ளி அவன் ஒருவன் போட்டது. ஜார்லத் வண்டியை வேலியோரம் நிறுத்திவிட்டு இன்னொரு தடவை படித்தார்.

"டீம் மொத்தமும் அங்கதானே இருக்கும்."

"பின்ன? மாப்பிள்ளைத் தோழனே அவங்க கோல்கீப்பர்தான்."

"ஞாயித்துக்கெழம காலைல பத்து மணிக்கு வெச்சிடு."

"பத்து மணின்னா எனக்கு மனசாட்சி உறுத்தும். பன்னெண்டுக்கு வெக்கறேன்."

ஏப்ரலில் தேதி அறிவிப்பு போன அன்று மாலையே பிரெஹனி போன் செய்தார். அட்ராக்டா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சர்க்கரை ரோஜாக்கள் செய்துகொண்டிருந்தாள்.

"அட்ராக்டா, பதினெட்டாம் தேதி குறிச்சிருக்கீங்க. மொத நாள் எங்க லோர்கனுக்குக் கல்யாணம்."

"அப்படியா? ரொம்ப சந்தோஷம். பொண்ணு எந்த ஊரு?"

"கேக்கே நீங்கதானே செய்யறீங்க."

"எத்தனையோ கேக்கு செய்யறேன், எல்லாம் ஞாபகத்துல நிக்குதா? தேதிய மாத்தலாம்னா எனக்கொண்ணும் ஆட்சேபமில்ல மாலக்கி. ஆனா மாத்தக் கூடாதுன்னு விதியில இருக்கே. கீழ யாரோ கையெழுத்துகூடப் போட்டிருக்காங்க."

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

எல்லாம் கச்சிதமாகப் போய்க்கொண்டிருந்தது, கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு ஜார்லத் சமையலறைக்குள் முகம் வெளுத்து வந்து நிற்கும்வரை.

"கல்யாணத்துல பேண்டு யாருன்னு தெரியுமா?"

"எனக்கென்ன அதப் பத்தி?"

"ஃபீனி பசங்க."

அட்ராக்டாவின் கையிலிருந்த கிரீம் பை நின்றது. கோல்மன் ஃபீனியும் ஃபெஸ்டஸ் ஃபீனியும் கில்மோரினின் நடுக்கள ஆட்டக்காரர்கள். கொஞ்சமாவது ஓடத் தெரிந்தவர்கள் அந்த இரண்டு பேர்தான். ஒருவன் அக்கார்டியன், ஒருவன் கிடார்.

"ட்ரம்ஸ் அடிக்கிறது?" என்று கேட்டாள், பதில் தெரிந்தே.

"நம்ம கோல்கீப்பர். விடியக்காலம் மூணு மணி வரைக்கும் வாசிக்கறதா பேசியிருக்காங்களாம். சீக்கிரம் முடிச்சிடுங்கன்னு சொல்லிடட்டுமா?"

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பேண்டு பதினோரு மணிக்கு நின்றால் ட்ரம்காராவும் பதினோரு மணிக்குப் படுத்துத் தூங்கிவிடும். மூன்று மணி வரை வாசித்தால் அவளுடைய நடுக்களம் செத்துவிடும். தேதி குறித்தபோது தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்ட அளவுக்கு இப்போது தன்னைத் திட்டிக்கொண்டாள். மேஜையில் சிந்திய கிரீமை விரலால் வழித்து வழித்துத் தின்றாள்.

"பசங்களக் கூப்பிடுங்க," என்றாள் கடைசியில்.

மூன்று பேரும் சாயங்காலம் வந்து வரிசையாக நின்றார்கள்.

"நாற்காலி எடுத்துட்டுப் போங்க. உக்காந்துதான் வாசிக்கணும். டீயும் தண்ணியும் தவிர எதுவும் வாயில படக் கூடாது. மூணு மணிக்கு முடிச்சதும் நேரா வீட்டுக்குப் போயிடணும், காலைல பதினோரு மணி வரைக்கும் யாரும் உங்கள எழுப்ப மாட்டாங்க. உங்க அம்மாங்ககிட்ட பேசிட்டேன்."

"சரி அட்ராக்டா," என்றான் ஃபெஸ்டஸ்.

"இன்னொண்ணு. மெதுவான பாட்டு ஒண்ணுகூட வாசிக்கக் கூடாது."

"ஒண்ணுகூடவா? கல்யாணமாச்சே."

"ஒண்ணுகூட. ஒரு ஆட்டம் முடிஞ்சு மூச்சு வாங்கறதுக்குள்ள அடுத்தத ஆரம்பிங்க. எவனாவது உக்காந்தா பேரு சொல்லிக் கூப்பிடுங்க. லோர்கன ரெண்டு தடவ கூப்பிடுங்க."

கோல்மன் மெல்லச் சிரித்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

ஞாயிறு பன்னிரண்டு மணிக்குக் கில்மோரின் மைதானத்தில் கடல் காற்று கொடிக்கம்பத்தை வளைத்துக்கொண்டிருந்தது. அந்த மைதானம் ஒரு பக்கம் சரிவு, இன்னொரு பக்கம் சேறு. ட்ரம்காரா பஸ்ஸிலிருந்து ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக, படிக்கட்டு இருக்கிறதா என்று காலால் தடவிப் பார்த்து இறங்கினார்கள். மாப்பிள்ளைத் தோழன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. லோர்கன் நொண்டினான்.

"என்ன லோர்கன், அடி பட்டுச்சா?" என்று ஜார்லத் அக்கறையாக விசாரித்தார்.

"டான்ஸ் ஆடினது. உங்காளுங்க உக்காரவே விடல."

முதல் பாதியில் கில்மோரின் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு ஆடியது. பந்தைத் தூக்கி உதைத்தால் போதும், காற்றே கோல்கம்பத்தின் குறுக்குக் கட்டைக்கு மேலே கொண்டுபோய்ச் சேர்த்தது. மேலே போனால் ஒரு புள்ளி, கீழே வலைக்குள் போனால் மூன்று. இடைவேளையில் கில்மோரின் ஒன்பது, ட்ரம்காரா இரண்டு. கில்மோரின்காரர்கள் கைதட்டக்கூட மறந்து ஸ்கோர் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் பாதியில் காற்று அந்தப் பக்கம். ட்ரம்காராவுக்கும் வியர்த்து வியர்த்துத் தெளிய ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, பிறகு வலைக்குள் ஒரு கோல். அட்ராக்டா பார்ப்பதை நிறுத்திவிட்டு, கிளப்பின் டீ மேஜையில் கோப்பைகளை அடுக்கினாள். அடுக்கியதைக் கலைத்து மறுபடியும் அடுக்கினாள். கடைசி நிமிஷம் வந்தபோது கில்மோரின் பத்து, ட்ரம்காரா ஒன்பது, கோல் முன்னால் ட்ரம்காராவுக்கு ஒரு ஃப்ரீ கிக்.

பந்தை லோர்கன் வைத்தான். முப்பது கஜம்; அவன் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற தூரம். மூன்று அடி ஓடினான். நாலாவது அடியில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. பந்து ஒரு பக்கமாகத் தத்தித் தத்திப் போய், கோட்டோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த பாதிரியாரின் காலடியில் நின்றது. நடுவர் விசில் ஊதினார்.

மைதானத்தில் நடந்ததை அட்ராக்டாவால் பிற்பாடு கோர்வையாகச் சொல்ல முடியவில்லை. ஜார்லத் கோல்கம்பத்தைக் கட்டிப்பிடித்து அழுதார். ஃபீனி சகோதரர்கள் நின்ற இடத்திலேயே படுத்துத் தூங்கிவிட்டார்கள். அவள் டீ பாத்திரத்துக்குப் பின்னால் நின்றபடியே இருந்தாள். லோர்கன் சேற்றில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டிருப்பதைப் பார்த்தபோது சந்தோஷத்துக்கு நடுவே ஒரு முள் குத்தியது. கல்யாணமாகி ஒரு நாள்கூட ஆகாத பையன்.

அப்போது ஒரு பெண் வந்து கோப்பையை நீட்டினாள். நேற்றைய கொண்டை கலையாமல், கம்பளிக் கோட்டும் ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு. ப்ளானிட்.

"கேக் பிரமாதம்."

"நல்லா இருந்துச்சா?" என்றாள் அட்ராக்டா, டீயை ஊற்றியபடி. நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எலுமிச்ச அடுக்கு மொதல்ல தீந்துச்சு. ஆனா என் கல்யாணத்துல என் புருஷனோட நிதானமா ஆட எனக்கு ஒரு பாட்டு கெடைக்கல. பேண்டுக்காரங்ககிட்ட நாலு தடவ கேட்டேன். தெரியாதுன்னுட்டாங்க."

அட்ராக்டாவுக்கு முகம் சுட்டது. பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. "நான்தான் சொன்னேன்," என்றாள்.

"தெரியும். மூணு மணிக்கு ட்ரம்ஸ்காரன் ஒளறிட்டான்."

"அப்போ லோர்கன்கிட்ட..."

"சொல்லல. இந்த வருஷமும் ஜெயிச்சிருந்தா மூணு வாரம் அதையே பேசியிருப்பாரு. போன வருஷம் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப்போச்சு." டீயை ஒரு மிடறு குடித்தாள். "ஆனா எனக்கு ஒரு பாட்டு நீங்க பாக்கி."

ஃபெஸ்டஸை உலுக்கி எழுப்ப வேண்டியிருந்தது. பஸ்ஸுக்குப் பக்கத்தில், சேற்றில், அக்கார்டியனில் இருப்பதிலேயே மெதுவான பாட்டை வாசித்தான். லோர்கன் ஒற்றைக் காலில் மனைவியைச் சுற்றி வந்தான். இரண்டு ஊரும் சுற்றி நின்று கேலி செய்தது.

அடுத்த சுற்றில் கில்மோரின் இருபத்திரண்டு புள்ளியில் தோற்றது. யாரும் பொருட்படுத்தவில்லை.

அக்டோபர் கூட்டத்தில் அந்த விதியை ரத்து செய்யச் சொல்லிப் பிரெஹனி தீர்மானம் கொண்டுவந்தார். விதி விளையாட்டின் மாண்பைக் கெடுக்கிறது என்று இரண்டு பக்கம் எழுதிப் படித்தார். கடைசி நாலு அணிகளின் எட்டுக் கைகளும் எதிராக உயர்ந்தன. மற்ற எட்டில் ஏழு கைகள் ஆதரவாக. ட்ரம்காராவின் இரண்டாவது பிரதிநிதியாக வந்திருந்த லோர்கன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"லோர்கன், கையத் தூக்குப்பா," என்றார் பிரெஹனி.

"வேணாம் மாலக்கி. இத்தன வருஷத்துல கில்மோரின்கூட ஆடினதுல எனக்கு ஞாபகம் இருக்கற ஒரே மேட்ச் அதுதான்."

தீர்மானம் தோற்றது. பிரெஹனி அதைக் குறிப்பேட்டில் எழுதினார், பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி. ஜார்லத் பெருந்தன்மையோடு சாண்ட்விச் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

"எடுத்துக்கங்க மாலக்கி. வளர்ற வயசு."